யார் காலத்து அடி பெரிய அடி

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நான்கு நாற்காலிகள். மூன்றில் ஹெவிவெயிட்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். நான்காவது நாற்காலிக்குச் சொந்தக்காரி அதில் உட்கார நேரமில்லாமல் அடுப்புக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருப்பாள். மூன்று பேரும் வாயில் முட்டையை வைத்துக்கொண்டே, உலகம் கண்ட குத்துச்சண்டைக்காரர்களில் எந்தக் காலத்தவர் உசத்தி என்று அடித்துக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவள் காது காய்த்துப்போயிருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அங்கே அவள் பெயர் எக்ஸ்ரே அக்கா. டாக்டர்களே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டிலிருந்த மூவருக்கும் சண்டை பார்க்க வரும் கூட்டம் வைத்த பட்டப்பெயர்கள் இருந்தன. மாமனார் இடி. புருஷன் சுவர். மகன் புல்டோசர். இந்தப் பெயர்களைக் கேட்பவர்கள் மூன்று பேரும் நாட்டையே கலக்கியவர்கள் என்று நினைத்துவிடக்கூடும். உண்மை அவ்வளவு பெரிதல்ல. இடி தன் காலத்தில் துறைமுகக் கிளப்பின் சாம்பியன். அந்தக் கிளப்பைத் தாண்டி அவர் பெயர் போனதில்லை. சுவர் ஒரே ஒரு தடவை இறுதிச்சுற்றுக்குப் போய், அங்கே உண்மையிலேயே சுவர் மாதிரி நின்று வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தவர். புல்டோசர் இப்போதைய லீக் சாம்பியன். அந்த லீக்கில் ஹெவிவெயிட் எடைக்கு ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. மூவரும் வாங்கிய கோப்பைகளையெல்லாம் ஒன்றாக அடுக்கினாலும் குளியலறை ஜன்னலை மறைக்கப் போதாது என்று அவள் சொல்வாள். ஒருமுறை அடுக்கியும் பார்த்தாள். போதவில்லை.

அவள் புருஷனைச் சந்தித்ததே எக்ஸ்ரே அறையில்தான். கை வீங்கிப்போய் வந்திருந்தார். சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

"எங்க போய் இடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஒருத்தன் தலைல குத்துனேன்."

"தலைக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க யாரும் தலைல குத்த மாட்டாங்க. கைய அசைக்காம வைங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் விழுந்ததுதான் தன் வாழ்க்கையில் தான் வாங்கிய ஒரே நாக்அவுட் என்று பின்னாளில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியிடம் சொன்னாள். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. கண் திறந்துதான் இருந்தது.

மேசைச் சண்டை எப்போதும் ஒரே தடத்தில் ஓடும். ஜோ லூயிஸ் பன்னிரண்டு வருஷம் பட்டத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார், ராக்கி மார்சியானோ தோற்காமலே ஓய்வு பெற்றார், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வேஷம் என்று மாமனார் ஆரம்பித்து வைப்பார்.

"தாத்தா, உங்க மார்சியானோ எடை என்னன்னு தெரியுமா? இன்னைக்கு இருந்தா அவர ஒரு பிரிவு கீழ தள்ளி விட்டுடுவாங்க. டைசன் ஃபியூரி இடுப்பு உசரம்கூட வர மாட்டாரு" என்பான் மகன்.

"எடைய வச்சு என்னடா பண்றது? எருமைக்கும்தான் எடை இருக்கு."

புருஷன் இருவரையும் கையமர்த்துவார். அவருக்கு முகமது அலி காலம்தான் காலம். "ஃப்ரேசியர் அலிய சாய்ச்சாரு. அந்த ஃப்ரேசியர ஃபோர்மன் பந்து மாதிரி தட்டித் தட்டி விளையாடுனாரு. அந்த ஃபோர்மன அலி படுக்க வச்சாரு. ஒருத்தர ஒருத்தர் தேடிப் போய் அடிச்ச காலம்டா அது. இப்ப உள்ளவனுங்க வருஷக்கணக்கா வக்கீல வச்சுல்ல சண்டை போடுறானுங்க!"

"எல்லாம் பழைய ஃபிலிம்பா. கொஞ்சம் வேகமா ஓட்டுனா யாரும் சூரனாத்தான் தெரிவான்."

"ஹெவிவெயிட்டுக்கு எடைல மேல்வரம்பு கிடையாதாமே?" என்று அவள் தோசைக்கரண்டியோடு நின்று கேட்பாள். "அதான் அறிவுக்கு வச்சுட்டாங்க போல."

மூவரும் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று காலத்துக்கும் ஒற்றுமை உண்டு.

மாமனாரிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுகொண்டவள் அவள்தான். குழாயைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். சட்டையில் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுவிட்டு, சட்டைதான் கோணல் என்று கத்துவார். செத்துப்போன மாமியாரை டீ போடச் சொல்லிக் கூப்பிடுவார். மார்சியானோவின் சண்டைகளை மட்டும் சுற்றுச் சுற்றாக ஒப்பிப்பார். மற்ற இருவருக்கும் அது போதும். மனிதர் கூர்மையாக இருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"தலைய ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாங்க" என்றாள் புருஷனிடம்.

"வயசானா மறதி வராதா? நீயும்தான் நேத்து சாவிய மறந்துட்டுப் போன."

"நான் சாவிய மறந்தேன். அவரு சாவி எதுக்குன்றதையே மறக்குறாரு."

"உனக்கு எல்லாரையும் படம் எடுக்கணும். எங்கப்பா இரும்பு."

இரும்பை எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். இந்த ஆளிடம் எதைச் சொல்லி என்ன என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

அந்த வருஷம்தான் குத்துச்சண்டைச் சங்கத்துக்குப் பொன்விழா வந்தது. சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கையுறை மாட்டாதவர். ஆனால் மேடையேறினால் எல்லா அடியும் தானே வாங்கிய மாதிரி பேசுவார். வியர்க்காத நெற்றியைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே திட்டத்தைச் சொன்னார். எந்தக் காலம் பொற்காலம் என்று மக்களிடம் ஓட்டு எடுக்கப்போகிறார்கள். ஜெயிக்கும் காலத்துக்கு மேடையில் பதக்கம். அதற்கு முன்னால் மூன்று தலைமுறையும் ரிங்கில் ஏறி ஒரு சுற்று காட்சிச் சண்டை. சும்மா, கையை நீட்டி நீட்டி மடக்குவது.

"ஒரே வீட்ல மூணு சாம்பியன்! இந்த மாதிரி குடும்பம் உலகத்துலயே இல்லைங்க."

மாமனார் நாற்காலியிலேயே நிமிர்ந்தார். புருஷன் தொப்பையை உள்ளே இழுத்தார். மகன் தலைமுடியைக் கோதினான். செயலாளர் ஒரே வாக்கியத்தில் மூன்று காளைகளுக்கும் மூக்கணாங்கயிறு போட்டுவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"மாமாவுக்கு உடம்பு சரியில்ல. அவரு வேண்டாம்" என்றாள்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று இடி இடித்தது.

"எம்பது வயசு மனுசன ரிங்ல ஏத்திக் கூத்துப் பாக்குறதுக்குப் பேரு விழாவா?"

"அம்மா, ஒரே ஒரு சுற்று. நானும் அப்பாவும் இருக்கோம்ல" என்றான் மகன்.

அதுதான் அவளுடைய பயமே என்று அவனுக்கு எப்படிப் புரியும்?

விழா ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நடந்தது. அரங்கில் பழைய வீரர்கள் முன்வரிசையை நிறைத்திருந்தார்கள். நசுங்கிய மூக்குகள், மடிந்த காதுகள். அவள் கண்ணுக்கு அது தன் துறையின் காத்திருப்பு வரிசை மாதிரி இருந்தது. பாதிப் பேரின் எலும்பை அவளுக்கு உள்ளும் புறமும் தெரியும். செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார், பேசினார், மின்விசிறியே சலித்துப்போகும்வரை பேசினார். பிறகு மூவரும் ரிங்கில் ஏறினார்கள்.

மாமனாரின் அரைக்கால் சட்டை நழுவாமலிருக்க அவள்தான் உள்ளே ஊக்கு குத்தி அனுப்பியிருந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குழந்தை கட்டிலில் நிற்பதுபோல நின்றார். கூட்டம் கைதட்டியதும் திருதிருவென்று விழித்தார். முதலில் தாத்தாவும் அப்பாவும், பிறகு அப்பாவும் மகனும் என்று ஏற்பாடு. மகன் மூலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்தது.

அந்தச் சத்தம் கேட்டதும் கிழவரின் உடம்பு மாறியதை அவள் பார்த்தாள். வளைந்திருந்த முதுகு தணிந்து பதுங்கியது. முகவாய் தோளுக்குள் போனது. சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாத கைகள் சரியான இடத்தில் போய் நின்றன. எதிரே புருஷன் கூட்டத்தைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டே, கைகளைத் தொங்கப்போட்டு, "வாங்கப்பா, வாங்க" என்று கன்னத்தைக் காட்டினார். கிழவர் ஓரடி முன்னால் வைத்து, இடுப்பைத் திருப்பி, வலது கையை விட்டார்.

சுவர் விழுந்தது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். செயலாளர் ஒலிபெருக்கியில், "பாருங்க, பழைய காலத்து அடி!" என்று கூவினார். கிழவர் விழுந்தவரின் மேலே நின்று கத்தினார்.

"எந்திரிடா கரி! எந்திரி! இன்னும் முடியல!"

கரி என்பவன் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவன். இடியின் பழைய எதிரி. செத்து வெகுகாலமாயிற்று. முன்வரிசைக் கிழவர்களில் சிலர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. மகன் ஓடிவந்து, "தாத்தா, போதும் தாத்தா" என்று பின்னாலிருந்து பிடித்தான். கிழவர் உதறிய உதறலில் அவன் கயிற்றில் போய் விழுந்தான். நடுவராக நின்றவர் கிட்டே போகப் பயந்து, ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். விழுந்தவர் எழ முயன்று முழங்காலில் இருந்தார். கிழவர் அடுத்த அடிக்குக் கையை இழுத்துவிட்டார்.

அவள் செருப்பை உதறிவிட்டு நேரத்தைக் கவனிப்பவரின் மேசைக்குப் பாய்ந்தாள்.

"மணிய அடிங்க!"

"இன்னும் சுற்று முடியலையே..."

"அடிய்யா மணிய!"

அவர் திகைத்து உட்கார்ந்திருந்ததால் சுத்தியலைப் பிடுங்கி அவளே அடித்தாள்.

கிழவரின் கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு தணிந்தது. அவர் திரும்பி, யாரையும் பார்க்காமல், ஒழுங்காகத் தன் மூலைக்கு நடந்துபோய் உட்கார்ந்தார். அங்கே முக்காலி இல்லை. வெறும் தரையில், காலை நீட்டி, வாயைத் திறந்துகொண்டு, தண்ணீருக்குக் காத்திருந்தார். அவள் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய் அவர் வாயில் தண்ணீர் ஊற்றினாள்.

"எந்த சுற்றும்மா இது?" என்று கேட்டார்.

"கடைசி சுற்று முடிஞ்சுது மாமா."

"ஜெயிச்சிட்டனா?"

"ஜெயிச்சிட்டீங்க. கைய காட்டுங்க, கழட்டுறேன்."

கையுறைக்குள் கை ஏற்கெனவே வீங்க ஆரம்பித்திருந்தது.

அன்று அவளுக்கு விடுமுறை. ஆனாலும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, தன் குடும்பத்தைத் தானே படம் எடுத்தாள். கிழவருக்குக் கையில் எலும்பு முறிவு. புருஷனுக்குத் தாடையில் விரிசல். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பி வைத்துக் கட்டிவிட்டார்கள். வாரக்கணக்கில் ஸ்ட்ராவில்தான் சாப்பாடு. பேசக் கூடாது. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர் காலம் முழுதாக வாயை மூடியது. ஆனால் கம்பிக்கு இடையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. மகனைப் பார்த்து, தான் கையைத் தொங்கப்போட்டிருந்ததையும், அதனால் இந்த அடி கணக்கில் சேராது என்பதையும் சைகையிலேயே விளக்கினார்.

"என்னங்க சொல்றாரு?" என்று பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்டார்.

"வழுக்கி விழுந்துட்டாராம்" என்றாள்.

கையோடு கையாக மாமனாரின் தலையையும் ஸ்கேன் எடுத்தாள். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். பிறகு, மூளை சுருங்கியிருப்பதையும், நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்து விலகியிருப்பதையும் பேனா முனையால் காட்டினார். வயதும் ஒரு காரணம்தான், ஆனால் பல வருஷம் தலையில் அடி வாங்கியவர்களிடம் இப்படிப் பார்க்க முடியும் என்றார். மகன் அவள் பின்னாலேயே நின்றிருந்தான்.

"தாத்தா அவ்வளவு அடி வாங்கினதில்லையேம்மா. அடிச்சவரு ஆச்சே அவரு."

"அடிக்குறவன் வாங்காமலா அடிப்பான்? உங்க தாத்தா வாங்குனத உங்கிட்ட சொன்னதில்ல. அவ்வளவுதான்."

"நான் ஹெட்கார்ட் போட்டுத்தான்மா பயிற்சி பண்றேன். இப்பல்லாம் ரொம்ப சயின்டிஃபிக்."

"ஆமா. சயின்டிஃபிக்கா இடிக்கிறாங்க."

"இன்னும் ஒரு சீசன்மா. பட்டத்த ஒரு தடவ காப்பாத்திட்டு விட்டுடறேன்."

இந்த வசனத்தை அவன் அப்பா வாயிலிருந்தும் கேட்டிருக்கிறாள், ஒரு எழுத்து மாறாமல். அவள் அழவில்லை, சத்தியம் வாங்கவில்லை. கை கட்டோடு இருக்கும் கிழவரைக் காலையில் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, சாப்பாடு ஊட்டும் வேலையை அவன் தலையில் கட்டினாள். அவளுக்குக் காலை ஷிஃப்ட். புருஷனுக்கு வாயே இல்லை. வேறு யார் இருக்கிறார்கள்?

மகன் முதலில் அதையும் பயிற்சி மாதிரிதான் எடுத்துக்கொண்டான். விசிலடித்துக்கொண்டே சோப்பு போட்டான். ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் கிழவர் அவனை ஏற இறங்கப் பார்த்து, "நல்ல உடம்பு. நீ எந்தக் கிளப்புப்பா?" என்று கேட்டார். "உங்க பேரன் தாத்தா" என்பான். "அப்படியா?" என்று மரியாதையாகத் தலையாட்டுவார். சில நாள் ஒத்துக்கொள்வார். சில நாள் குளியலறையில் அவனைக் கரி என்று நினைத்துக் கட்டுப்போட்ட கையை ஓங்குவார். அவன் அடியைத் தவிர்க்கத் தெரிந்தவன்தான். ஆனால் ஈரத் தரையில், தவிர்த்தால் தாத்தா விழுந்துவிடுவார். அதனால் நின்று வாங்கிக்கொண்டான்.

ஒரு நாள் அவள் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது மகன் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ராக்கி மார்சியானோ யாருன்னு கேக்குறாரும்மா."

அவள் பையை இறக்கிவைத்தாள். "நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்ல வரல. அப்பாதான் சொன்னாரு."

புருஷனின் தாடைக் கம்பியை அப்போதுதான் பிரித்திருந்தார்கள். வாய் பாதிதான் திறக்கும். மார்சியானோவைக் கட்டைக் கையன், குட்டையன் என்று ஆயுள் முழுக்கக் கேலி செய்த மனிதர், தன் அப்பா பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, "அவர மாதிரி அடிக்க ஆளே கிடையாதுப்பா. யாராலயும் அவர ஜெயிக்க முடியல" என்று குழறியிருக்கிறார். கிழவர் சந்தோஷப்பட்டாராம். யாரோ ஒரு நல்ல பையனைப் பற்றிக் கேள்விப்பட்டது மாதிரி.

அவள் வாயில் ஏளனமாக ஒன்றும் வரவில்லை. வராதது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

புல்டோசர் அந்த சீசனில் ரிங்கில் ஏறவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சங்கத்தில் தோள்பட்டை வலி என்று சொல்லிவைத்தான். தாய்க்கு நிம்மதி வந்தது, ஆனால் அவன் அதற்கும் வேட்டு வைத்தான். அவன் விட்ட பட்டத்தை வேறொரு பையன் ஜெயித்ததும், டிவி முன்னால் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே, "இவனெல்லாம் ஹெவிவெயிட்டா? எங்க காலத்துல இவன எடை மேடைலயே ஏத்திருக்க மாட்டாங்க" என்றான். அவனுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அதற்குள் காலம் வந்துவிட்டது! அப்பாக்காரர் விடுவாரா? ஆறிய தாடையை அசைத்துப் பார்த்துக்கொண்டு, ஃபோர்மனிலிருந்து ஆரம்பித்தார்.

பொற்காலத்துக்கான பதக்கம் இடிக்குத்தான் கிடைத்தது. அந்த ஒரு அடியைப் பார்த்தபின் மக்கள் ஓட்டுகளை அள்ளிப் போட்டுவிட்டார்களாம். செயலாளரே கொண்டுவந்து போட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் கிழவர் பதக்கத்தைக் கழற்றி, பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, மருமகளிடம், "யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க, கூப்பிட்டுக் குடும்மா" என்றார்.

மழைக்காலம் தொடங்கும்போது அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். இழவுக்கு வந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் பழைய ஹெவிவெயிட்டுகள். கூடத்து நாற்காலிகள் அவர்கள் கனத்தில் முனகின. முதலில் எல்லாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார். இடி இருந்த இருப்புக்கு இன்றைய பையன்களை ஒரே சுற்றில் முடித்திருப்பார் என்றார். இன்னொருவர் அதெப்படி என்றார். பிணத்தை எடுப்பதற்குள் அலி, டைசன், லூயிஸ் எல்லாரும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். புருஷன் அழுது சிவந்த கண்ணோடு விரல்விட்டு எண்ணினார். மகன் குறுக்கே பேசினான்.

அவள் டீத் தட்டோடு வாசற்படியில் நின்றாள்.

மடிந்த காதுள்ள ஒரு பெரியவர் அவளைக் கண்டு, "எக்ஸ்ரே அக்கா, நீங்க சொல்லுங்க. மூணு காலத்தையும் கூடவே இருந்து பார்த்தவங்க நீங்கதான். யார் அடி பெரிய அடி?" என்றார்.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"அடிச்சவங்கள எனக்குத் தெரியாதுங்க. எங்கிட்ட வந்து படுத்தவங்க எல்லாருமே வாங்குனவங்கதான்" என்றாள். "டீ ஆறுது, எடுத்துக்குங்க."

பெரியவர் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஊதி ஊதிக் குடித்தார்கள். காலி கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு அவள் சமையலறைக்குத் திரும்பினாள். பின்னாலிருந்து யாரோ தாழ்ந்த குரலில், "ஆனாலும் ஒண்ணு சொல்லணும், அந்த ஃபோர்மன் இருக்காரே..." என்று இழுத்தார். அவள் குழாயைத் திறந்துவிட்டுக் கிளாஸ்களைக் கழுவத் தொடங்கினாள்.